அக்காவின் காருக்கும் அத்தானின் வானுக்கும்: ரயர்க் காற்றைக் கண்காணிக்க எதை வாங்குவது?

இலங்கையின் வடக்கே, வன்னியில், மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குப் போகும் வழியில் அக்காவின் காரினுடைய பின் இடது ரயர் கிழிந்துபோனது. வெடித்த சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றார். பின்பக்கம் மெல்ல அலைவது போலிருந்ததாம். அடுத்த நிமிடம் றிம் தரையில் உரசியிருக்கிறது. இறங்கிப் பார்த்தபோது ரயரின் பக்கச்சுவர் சுற்றிவரக் கிழிந்து, உட்புறம் கறுப்புத் தூளாக அரைபட்டுக் கிடந்தது. ஒட்டுப்போடும் கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓடுதளத்தில் முறிந்து நின்ற உடைமுள்ளைக் காட்டினார். "இது இன்று ஏறிய முள் இல்லை, ரீச்சர். நான்கைந்து நாளாகக் காற்று இறங்கியிருக்கிறது."

அக்கா ஒவ்வொரு நாள் காலையிலும் நான்கு சில்லுகளையும் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவார். அந்த நான்கைந்து நாட்களிலும் பார்த்திருக்கிறார். எதுவும் தெரியவில்லை. இதில் அவருடைய கவனக்குறைவு ஒன்றுமில்லை. இன்றைய ரேடியல் ரயர்கள் சரியான காற்று இருக்கும்போதே அடியில் சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். 32 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய ரயரில் 24 மட்டும் இருந்தாலும், மண் தரையில் நிற்கும் காரைப் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. காலால் உதைத்துப் பார்ப்பதும், சில்லுக் கழற்றும் கம்பியால் தட்டிப் பார்ப்பதும் முற்றாகக் காற்றுப் போன ரயரைக் காட்டும். பாதியில் நிற்பதைக் காட்டாது. முன் ரயராக இருந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்துச் சொல்லியிருக்கும். பின் ரயர் அப்படிக் கைக்கு எதையும் சொல்வதில்லை. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, அந்த மடங்கலில் சூடேறுகிறது, சூடேறிய பக்கச்சுவர் உள்ளே நொய்ந்து ஒரு கட்டத்தில் பிரிந்துவிடுகிறது.

இரண்டு நாள் கழித்து, எங்கள் வீட்டில் இரண்டு வாகனங்களுக்குமாக ஒரு முடிவு எடுக்க உட்கார்ந்தோம். ஒன்று அக்காவின் ரொயோட்டா விட்ஸ்: கிளிநொச்சியிலிருந்து ஏ9 நெடுஞ்சாலை வழியே மாங்குளம், அங்கிருந்து மேற்கே மல்லாவி, கடைசியில் பள்ளிக்கூடம் வரைக்கும் கிரவல் வீதி. மற்றது அத்தானின் ஹைஏஸ் வான்: புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கமிருந்து நோயாளர்களை ஏற்றிக்கொண்டு பரந்தன், ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஓடுவது. இரண்டிலும் ரயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு கிடையாது. அத்தான் கேட்ட முதல் கேள்வி: "புதுக் கார்களில் எல்லாம் மஞ்சள் விளக்கு எரிகிறதே, எங்களுடையதில் ஏன் இல்லை?"

காரணம் சட்டம். அமெரிக்காவில் ரயர் பிரிந்து கார்கள் புரண்ட விபத்துகளுக்குப் பிறகு 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது; அதன் தொடர்ச்சியாக 2007 செப்டெம்பருக்குப் பின் அங்கே விற்கப்படும் இலகு வாகனங்கள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். யப்பானில் அப்படியொரு கட்டாயம் இல்லை. நம் வீதிகளில் ஓடுவதில் பெரும்பங்கு யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு, பின்னர் இங்கே வந்த வாகனங்கள். அதனால்தான் அந்த மஞ்சள் விளக்கு இல்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்தை விற்றுப் புதிதாக ஒன்று எடுப்பது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. கையிலிருப்பதற்கு எதைப் பூட்டலாம் என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில், தொழிற்சாலையிலேயே பூட்டி வருபவை எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இறக்குமதி திறந்த பிறகு இப்போது கார் எடுக்கப்போகிறவர்களுக்கு இது தேவைப்படும்.

ஒரு வகை, காற்றை அளப்பதே இல்லை. சில்லு சுற்றும் வேகத்தைப் பார்க்கிறது. ஏபிஎஸ் தடுப்பு (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காப்பது) உள்ள கார்களில் ஒவ்வொரு சில்லுக்கும் வேகம் பார்க்கும் உணரி ஏற்கெனவே இருக்கிறது. காற்றுக் குறைந்த ரயர் சற்றே அமுங்கி, அதன் உருளும் ஆரை சுருங்குகிறது. ஆரை சுருங்கினால் அதே தூரத்தைக் கடக்க அந்தச் சில்லு மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அந்தக் கூடுதல் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காரின் கணினி கிலோமீற்றர் கணக்கில் ஒப்பிட்டுத்தான் அதைப் பிரித்தறிகிறது. செலவில்லாத நல்ல உத்தி. ஆனால் வன்னிக்கு மூன்று குறை. கிரவல் வீதியில் சில்லு வழுக்கித் துள்ளும்போது வேக ஒப்பீடு குழம்பும், எச்சரிக்கை தாமதமாகும். நான்கு ரயர்களும் மாதக்கணக்கில் ஒரே அளவாக இறங்கினால், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரயர் ஒன்றும் மிஞ்சாது என்பதால், வேகத்தை மட்டும் பார்க்கும் பழைய அமைப்புகளுக்கு அது புலப்படாது. மூன்றாவதுதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது: காற்றடித்த பின் ஒரு பொத்தானை அழுத்தி "இதுதான் சரியான நிலை" என்று காருக்குப் பழக்கவேண்டும். விளக்கு எரிகிறது, தொல்லையாக இருக்கிறது என்று காற்றடிக்காமலே அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால், குறைந்த காற்றையே சரியென்று கார் பழகிக்கொள்ளும். பிறகு விளக்கும் எரியாது.

மற்ற வகை, ஒவ்வொரு சில்லுக்குள்ளும் வால்வோடு சேர்த்து ஒரு சிறிய உணரியை வைத்திருக்கும். அது காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் நேரடியாக அளந்து, வானொலி அலையாகக் காருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு உணரிக்கும் தனி அடையாள எண் உண்டு. பக்கத்துக் காரின் ரயரை உங்கள் கார் தன்னுடையதென்று எடுத்துக்கொள்ளாமலிருக்க அதுவே காரணம். கார் நிற்கும்போது உணரி உறங்கும், சில்லு உருளும்போது விழிக்கும். பற்றரியைச் சேமிக்கும் வழி அது. அப்படியிருந்தும் பற்றரி ஐந்து முதல் பத்து வருடங்களில் தீர்ந்துவிடும். உள்ளே வைத்து மூடப்பட்டது என்பதால் உணரியையே மாற்றவேண்டும். பத்து வருடப் பழைய காரொன்றை இந்த வசதியைச் சொல்லி யாராவது உங்களுக்குக் கூடுதல் விலைக்கு விற்கப் பார்த்தால், ஸ்ரார்ட் செய்து விளக்கைப் பாருங்கள். அரைவட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. அது ஒரு நிமிடம்போல மின்னி மின்னிப் பிறகு நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு என்று பொருளல்ல. அமைப்பிலேயே கோளாறு, பெரும்பாலும் பற்றரி தீர்ந்த உணரி. மாற்று உணரி எடுக்கும்போது அலைவரிசையும் பொருந்தவேண்டும். ஐரோப்பியக் கார்களுக்கு 433 மெகாஹேர்ட்ஸ், அமெரிக்கக் கார்களுக்குப் பெரும்பாலும் 315. ஒன்றுக்கு மற்றது பேசாது.

இனி எங்கள் விடயம். வெளியிலிருந்து வாங்கிப் பூட்டக்கூடியவை இரண்டே: வால்வின் தலையில் மூடிபோலத் திருகும் வெளி உணரி, ரயரைக் கழற்றி உள்ளே பூட்டும் உள் உணரி. இரண்டுக்கும் முன்பாக, கையில் பிடிக்கும் அழுத்தமானி. கடையில் கேஜ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

அழுத்தமானியைப் பற்றி நான் தயக்கமில்லாமல் சொல்வேன்: மற்ற எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது வேண்டும். காற்றடிக்கும் இடங்களில் உள்ள மானிகள் நாள் முழுவதும் கீழே விழுந்தெழும்புபவை. ஒரே ரயரை இரண்டு கடைகளில் பார்த்தால் இரண்டு எண் வரும். சொந்த மானி ஒன்றிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுகோலால் அளக்கிறீர்கள். ரயருக்கு எவ்வளவு வேண்டும் என்பது சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் இருக்கிறது. யப்பானிய எழுத்துக்களுக்கு நடுவில் 220, 230, 240 என்று காணப்படும் எண்கள் கிலோபாஸ்கல், காற்றழுத்தத்துக்கான இன்னொரு அலகு. 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 230 என்றால் 33, 240 என்றால் 35, 250 என்றால் 36. காற்றடிக்கும் தம்பி "எவ்வளவு அண்ணை?" என்று கேட்டால் நம்மில் பலர் பழக்கத்தில் "முப்பது" என்கிறோம். தூணில் 240 என்று இருக்கும் காருக்கு அது ஐந்து குறைவு. ரயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணும் உங்களுக்கானதல்ல. அந்த ரயர் தாங்கக்கூடிய உச்சம் அது.

எப்போது அளப்பது என்பதிலும் வன்னியில் ஒரு சிக்கல் உண்டு. ஏ9இல் போகும் வாகனமெல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, சாரதி ரயர்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். நல்ல பழக்கம், கண்ணால் பார்ப்பதற்கு உகந்த இடம். ஆனால் மானியை அங்கே வைத்து எண்ணைப் பார்த்துக் காற்றை இறக்கக்கூடாது. வவுனியாவிலிருந்து வெயிலில் ஓடி வந்த ரயரின் உள்ளே காற்றுச் சூடாகி விரிந்திருக்கும். நான்கைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும். கூடிவிட்டதென்று அங்கே இறக்கினால், அடுத்த நாள் விடிய அதே ரயர் நான்கைந்து குறைவாக நிற்கும். தூணில் எழுதியிருப்பது குளிர்ந்த ரயருக்கான அளவு. வீட்டு முற்றத்தில், காலையில், வண்டி எடுக்கும் முன் அளப்பதே சரி. அதிக பட்சம் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடியிருக்கலாம்.

நல்ல ரயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாக இழக்கும். மாதம் இரண்டு முறை அளந்தால் அந்த இழப்பை அழுத்தமானியே பார்த்துக்கொள்ளும். பளிச்சென்ற தார்வீதியில், நகரத்துக்குள் ஓடும் காருக்கு இதற்கு மேல் எதுவும் வாங்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம். ஆனால் அக்காவின் ரயர் கிழிந்தது அந்த இழப்பால் அல்ல. முள்ளால். உடைமுள்ளும் முட்கம்பித் துண்டும் திங்கட்கிழமை ஏறினால், அடுத்த சனிக்கிழமை அளக்கும் மானிக்கு அது தெரிய நியாயமில்லை. தினமும் விடிய ஐந்தரைக்கு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருக்கும்போது, குனிந்து நான்கு வால்வுகளையும் அளக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடும்போதே எண்ணைக் காட்டும் ஒன்று அவருக்குத் தேவை.

வெளி உணரியின் சிறப்பு, யாரும் பூட்டலாம். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைத் திருகினால் முடிந்தது. உள்ளே ஒரு பொத்தான் பற்றரி. ஒன்றிரண்டு வருடத்தில் தீர்ந்தால் நாமே மாற்றலாம். டாஷ்போர்டில் வைக்கும் சிறிய திரையில் நான்கு சில்லுகளின் எண்ணும் வெப்பமும் தெரியும். நான்கும் சேர்ந்த விலை பொதுவாக ஒரு புதிய ரயரின் விலையைவிடக் குறைவு. மோட்டார் சைக்கிளுக்கும் ரியூப் உள்ள பழைய வாகனங்களுக்கும்கூடப் பூட்டலாம். ரியூப் உள்ள சில்லுக்குள் உள் உணரியை வைக்க முடியாது.

அதன் குறைகளை விற்பவர்கள் சொல்வதில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன். மூடி சிறியதுதான், பத்துக் கிராம் இருக்கலாம். ஆனால் அது சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சிறிய கார் ஒன்று மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடும்போது, வால்வின் நுனியில் உள்ள பத்துக் கிராம் ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும். அந்த இழுவையைத் தாங்குவது இறப்பர் வால்வின் கழுத்து. வருடக்கணக்கில் வெயில் பட்டு வெடித்த இறப்பர் வால்வில் இதைப் பூட்டினால், முள்ளைக் கண்டுபிடிக்க வாங்கிய பொருளே காற்றை வெளியேற்றும். ஆகவே வெளி உணரி வாங்குகிறவர்கள் முதலில் நான்கு வால்வுகளையும் உலோக வால்வாக மாற்றவேண்டும், குறைந்தது புதிய இறப்பர் வால்வாகவாவது. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அடுத்தது, காற்றடிக்கும்போது ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டவேண்டும். திருடாமலிருக்க அடியில் ஒரு பூட்டு நட்டும் தருவார்கள். அதற்கொரு சிறிய சாவி. கடைத் தம்பி அவசரத்தில் உள்ளேயிருக்கும் இறப்பர் வளையத்தைத் தவறவிட்டால் அன்றிரவே காற்று இறங்கும். உணரிகள் இன்ன சில்லுக்கு இன்னதென்று குறிக்கப்பட்டவை. மாறிப் பூட்டினால் முன் ரயர் இறங்கும்போது திரை பின் ரயரைக் காட்டும். அக்காவிடம் நான் சொன்னது, கழற்றுவதும் பூட்டுவதும் அவருடைய கையாலேயே நடக்கவேண்டும் என்று. திரையைப் பற்றியும் ஒரு சொல்: சூரிய ஒளியில் சக்தியேறும் திரைகள்தான் அதிகம் கிடைக்கின்றன. கண்ணாடிக்குக் கீழே, சோளகக் காற்றடிக்கும் மாதங்களின் வெயிலில், மூடிய காருக்குள் அவற்றின் பற்றரி ஊதிப்போகும். சிகரெட் லைற்றர் துளையில் செருகும் திரை கிடைத்தால் அதையே எடுங்கள்.

உள் உணரியில் இந்தத் தொல்லைகள் இல்லை. வெளியே தெரியாது, களவு போகாது, காற்றடிப்பது வழமைபோல. உலோக வால்வோடு சேர்ந்தே வருவதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பூட்டுவதற்கு நான்கு ரயர்களையும் றிம்மிலிருந்து கழற்றவேண்டும். பிறகு சமநிலை பார்க்கவேண்டும். பற்றரி தீர்ந்தால் மறுபடியும் கழற்றவேண்டும். எனக்குள்ள பெரிய பயம் ஒட்டுக்கடை. நகரத்தில் இயந்திரத்தால் கழற்றுகிறார்கள். உட்கிராமத்தில் இரண்டு இரும்பு நெம்புகோல்களோடு ரயரைக் கழற்றித் தரும் மனிதர்கள் எத்தனையோ பேரை வழியில் காப்பாற்றியவர்கள். ஆனால் வால்வுக்குப் பக்கத்தில் உணரி இருப்பது அவர்களுக்குத் தெரியாவிட்டால் முதல் நெம்பிலேயே அது உடையும். சொல்லிவிட்டுக் கொடுக்கவேண்டும், வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கழற்றச் சொல்லவேண்டும். வால்வு வழியே ஊற்றி ஓட்டையை அடைக்கும் திரவத்தையும் மறந்துவிடவேண்டும். அது உணரியின் சிறு துளையை அடைத்துவிடக்கூடும்.

இப்படி வைத்துப் பார்த்தபோது எங்கள் இரண்டு வாகனங்களுக்கும் இரண்டு விடை வந்தது. அக்காவுக்கு வெளி உணரி. கிழிந்த ரயரோடு அதன் சோடியையும் மாற்றவேண்டியிருந்தது. அந்த வேளையில் நான்கு வால்வுகளையும் உலோகமாக மாற்றிக்கொண்டோம். தூணில் அவருடைய காருக்கு இருப்பது 32. எச்சரிக்கையை 26இல் வைத்தோம். பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டுவிடாமல் இதை நாமே வைக்கவேண்டும். ஐரோப்பிய விதி இருபது வீதக் குறைவிலும் அமெரிக்க விதி இருபத்தைந்து வீதக் குறைவிலும் எச்சரிக்கச் சொல்கிறது. அடுத்த கடை இருபது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீதியில் முந்தி ஒலிப்பதே நல்லது. அதைவிட முக்கியம், ஒலிக்கும் வரைக்கும் காத்திராமல் நான்கு எண்களில் ஒன்று மட்டும் நாளுக்கு நாள் பின்தங்குகிறதா என்று பார்ப்பது. மூன்று 33இலும் ஒன்று 30இலும் நின்றால் அந்த ஒன்றில் முள் இருக்கிறது.

அத்தானுக்கு அது சரிவராது. பத்துப் பேரை ஏற்றும் நாளும் வெறும் வானாகத் திரும்பும் நாளும் உண்டு. காற்றை அடிக்கடி கூட்டிக் குறைக்கிறவர் அவர். ஒவ்வொரு முறையும் பூட்டு நட்டைக் கழற்ற வைத்தால் மூன்றாம் வாரம் அந்த மூடிகள் டாஷ்போர்டு அறைக்குள் கிடக்கும் என்று அக்காவே சொன்னார். வைத்தியசாலை வாசலில் இரவு முழுவதும் வான் நிற்கும் நாட்களில் களவுப் பயமும் உண்டு. ஆனையிறவின் உப்புக்காற்றில் மூடி வால்வோடு கறள் பிடித்து இறுகிப்போவதையும் பார்த்திருக்கிறோம். அவருடைய ரயர்கள் எப்படியும் தைப்பொங்கலுக்குள் மாற்றவேண்டியவை. அப்போது கிளிநொச்சியில் இயந்திரம் உள்ள கடையில் உள் உணரி பூட்டுவதென்று தீர்மானித்தோம். வானின் பின் ரயருக்குக் காரைவிட அதிகக் காற்று வேண்டும் என்பதால், எவ்வளவு உச்சம் வரை அளக்கும் என்று பெட்டியில் பார்த்து எடுக்கவேண்டும். அதுவரை மானியும், காலையில் பத்து நிமிடமும். ஏறுகிறவர்களில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். ரயர் கிழிந்தால் அவர்களை வெயிலில் இறக்கி நிறுத்த முடியாது என்று அத்தானே சொல்லிவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தை ஒப்புக்கொண்டார்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்த பின், திரையில் நான்கு எண்கள் ஒளிர்ந்துகொண்டிருக்க, அக்கா கார் டிக்கியைத் திறந்து மேலதிகச் சில்லைக் காட்டினார். அன்று மல்லாவி வீதியில் அவரை வீடு சேர்த்த மெல்லிய சில்லு அது. இந்த அமைப்புகள் எதுவும் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை. அதன் பக்கத்தில் 420 கிலோபாஸ்கல் என்று எழுதியிருந்தது, அதாவது 60 பிஎஸ்ஐ. மானியை வைத்தேன். 31 காட்டியது. அக்கா ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டார். காற்றடிக்கும் கடை பூட்டுவதற்குள் பரந்தன் சந்திக்குப் போய்ச் சேர்ந்தோம்.